கைக்குள் ஒரு திரி

கன்டெய்னர் பாதித் தூரம் இறங்கியிருந்தபோது எமல்டாவுக்கு நெஞ்சிலிருந்து சூடு கிளம்பியது. கழுத்து, காது, நெற்றி என்று ஏறியது. சீருடைச் சட்டை முதுகோடு ஒட்டியது. அவள் கை நடுங்கவில்லை, கண்ணும் திரையை விட்டு நகரவில்லை. ஆனாலும் நாற்காலி கிரேனைப் பூட்டிவிட்டது. இருபது டன் பெட்டி கப்பலுக்கும் தரைக்கும் நடுவே தொங்கியது.

சிப்பிக்கரைத் துறைமுகத்தில் ஆள் மேலே ஏறி உட்கார்ந்து கிரேன் ஓட்டிய காலம் முடிந்து பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏசி அறை. அதில் எட்டு நாற்காலிகள், எட்டுத் திரைகள். உட்கார்ந்திருப்பவரின் நாடி, வியர்வை, தோலின் சூடு, கண்ணசைவு எல்லாவற்றையும் நாற்காலி படித்து நொடிக்கு நொடி ஒரு மதிப்பெண் போடும். அதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் ஆள் பதறிவிட்டார் என்று கணக்கிட்டு நாற்காலி கிரேனை நிறுத்திவிடும். எமல்டா பதினோரு வருடமாக அதில் உட்கார்கிறாள். ஐம்பத்திரண்டு வயது. போன சித்திரை வரைக்கும் அவளுடைய புள்ளி தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

ஷிப்ட் மேலாளர் பொன்னுலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணாவது தடவை எமல்டா."

"சார், நான் பதறல. இது வயசு. மாதவிலக்கு நிக்கிற நேரம்."

"தெரியும்மா. எங்க வீட்லயும் இருக்கு. நாற்காலிக்கு அது தெரியாதுல்லா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினாலு நாள் மருத்துவ விடுப்பு எழுதுதேன். வைத்தியம் பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறமும் பூட்டுச்சுன்னா கேட் பாஸ் பிரிவுக்குத்தான் அனுப்பணும். என் கையில ஒண்ணும் இல்ல."

கேட் பாஸ் பிரிவில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் முன்பு கிரேன் ஓட்டியவர்கள்.

மறுநாள் கணவர் கிளாட்வினைக் கூட்டிக்கொண்டு டாக்டர் உமையாளிடம் போனாள். கிளாட்வின் ஐஸ் பிளான்டில் மேற்பார்வையாளர். அதிகம் பேச மாட்டார், ஆனால் டாக்டரிடம் போனால் கேள்வியெல்லாம் அவர்தான் கேட்பார்.

"ஹார்மோன் கொடுக்கறதுக்கு வழி பல இருக்கு," என்றார் டாக்டர். "மாத்திரைதான் எளிது. தினமும் ஒண்ணு. ஆனா அது ஈரல் வழியா போறதால ரத்தம் உறையற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். உங்க அம்மாவுக்குக் கால்ல ரத்தக்கட்டு வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அதனால மாத்திரை வேண்டாம். தோல் வழியா போற மருந்துல அந்தப் பயம் ரொம்பக் குறைவு. பேட்ச் இருக்கு, இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தணும். ஜெல் இருக்கு, தினமும் கையில தடவிக் காய விடணும். எது எடுத்தாலும் கர்ப்பப்பை இருக்கறதால கூடவே புரோஜெஸ்டிரானும் எடுக்கணும். இல்லேன்னா கர்ப்பப்பையோட உள்சுவர் தடிச்சுடும்."

"புத்துநோய் வரும்ங்காங்களே?" என்று கேட்டார் கிளாட்வின்.

"வருஷக்கணக்கா எடுத்தா மார்புப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதை மறைக்க மாட்டேன். இன்னொரு பக்கம் தூக்கம் வரும், எலும்பு தேயறது குறையும், சூடு ஏறுறது அடங்கும். ஒண்ணுமே எடுக்காம கடந்து போறவங்களும் நிறைய. உங்க வீட்டு வரலாறு, உங்க தொந்தரவு, உங்க பயம், மூணையும் வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

எமல்டா கேட்டாள். "கைக்குள்ள வைக்கிற ஒண்ணு வந்திருக்காமே டாக்டர்?"

"திரி." டாக்டர் பேனாவை மூடினார். "தீக்குச்சி அளவு இருக்கும். மேல்கையில தோலுக்குக் கீழே வச்சிடுவோம். நிமிஷத்துக்கு நிமிஷம் ஹார்மோன் அளவு பார்த்து, எவ்வளவு வேணுமோ அதுவே விடும். மூணு வருஷம் வரும்."

"அதுல என்ன குறை?"

"அது நிறுத்தறது சூடு ஏறுறதை மட்டும் இல்லை. உடம்புக்குள்ள எந்த ஏற்ற இறக்கம் வந்தாலும் சமன் பண்ணப் பாக்குது. வச்சுக்கிட்டவங்கள்ல சிலர் மந்தமா இருக்குன்னு சொல்றாங்க. சிலர் நிம்மதியா இருக்குன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியலை. என்னைக் கேட்டா பேட்ச்தான் சொல்வேன். ரெண்டு மூணு மாசத்துல நல்லா அடங்கிடும். அளவு கூடக் குறையன்னா மாத்திக்கலாம்."

"எனக்குப் பதினாலு நாள்தான் இருக்கு."

டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

"திரி வச்சா அதோட அளவை நாற்காலிக்கே அனுப்பும்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. பேட்ச் போட்டா அது அவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"அப்ப நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க," என்றார் டாக்டர்.

மார்ச் மாதம் இடது மேல்கையில் திரி வைத்தார்கள். மரத்துப்போக ஊசி, சின்னக் கீறல், ஒரு பிளாஸ்திரி. பத்து நிமிடத்தில் முடிந்தது. நான்காவது நாள் அவள் விடியும்வரை தூங்கினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியது அன்றுதான். பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனாள். புள்ளி தொண்ணூற்றாறு.

அதற்கப்புறம் நாற்காலி அவளை ஒருமுறையும் பூட்டவில்லை. வீட்டில் சண்டையும் குறைந்தது. குளியலறை விளக்கை அணைக்காமல் விட்டதற்கு, மீனை நேரங்கழித்து வாங்கி வந்ததற்கு என்று கிளாட்வினிடம் தினமும் ஏதாவது சொல்பவள் இப்போது அவளே போய் விளக்கை அணைத்தாள். கிளாட்வினுக்கு முதலில் அது பிடித்திருந்தது.

ஆகஸ்ட் மாதம் மகள் ஜெனிட்டா வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. எமல்டா காய் நறுக்கிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். மாடிப்படி ஏற வேண்டாம் என்றாள். டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள். ஜெனிட்டா, "சரிம்மா, வைக்கேன்," என்றாள்.

உள்ளறையில் கிளாட்வின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எமல்டா போய்ப் பார்த்தாள். அவர் தோளைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தொட்டாள்.

"உனக்கு ஒண்ணுமே செய்யலயா எமல்டா?" என்று கேட்டார்.

"செய்யுது. ஆனா தூரத்துல இருக்கு."

அந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு விபத்து நடந்தது.

கப்பலிலிருந்து எடுத்த பெட்டியை மூன்றாம் பாதையில் இறக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி இறங்கும்போது பாதைக்குள் யாரும் வரக் கூடாது. வந்தால் தரையில் பதித்த கேமராக் கண் பார்த்து நிறுத்திவிடும். அன்று அந்தக் கண்மேல் உப்பு படிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். திரையின் கீழ் இடது மூலையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. எமல்டா அதைப் பார்த்தாள். தார்ப்பாயா என்று நினைத்தாள். இல்லை, சட்டை என்று நினைத்தாள். சட்டைக்குள் ஆள் இருக்கிறது என்று நினைத்தாள். ஒவ்வொன்றும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அப்போதுதான் ரேடியோவில் ஒரு குரல் கத்தியது. அவள் நெம்புகோலை இழுத்தாள். பெட்டி அதற்குள் தரையைத் தொட்டிருந்தது.

கீழே இருந்தவர் பெட்டிகளைப் பூட்டுகிற வேலை செய்யும் சுடலைமணி. கீழே விழுந்த இரும்புப் பூட்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். வயது ஐம்பத்து மூன்று.

பெட்டியைத் தூக்கியது, ஆம்புலன்ஸ் கேட்டது, நேரத்தைக் குறித்தது என்று விதிப்படி செய்ய வேண்டியதையெல்லாம் எமல்டா செய்தாள். குரல் மாறவில்லை. பொன்னுலிங்கம் டீ கொண்டுவரச் சொன்னார். குடித்தாள். திரையின் ஓரத்தில் அவளுடைய புள்ளி தொண்ணூற்றைந்தில் நின்றது.

பத்து நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் காட்சிப் பதிவைப் பார்க்க அவளுக்கு அனுமதி கொடுத்தார்கள். மஞ்சள் நிறம் மூலையில் தோன்றியதற்கும் ரேடியோ கத்தியதற்கும் நடுவே ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில் இழுத்திருந்தால் பெட்டி ஆளுக்கு மேலே நின்றிருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. மூலையில் இருந்ததை அவள் பார்க்கவில்லை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணை அறையில், இறந்துபோன சுடலைமணியின் மனைவி பேச்சியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். பொன்னுலிங்கம் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சை நிறத்தில் நேரான ஒரு கோடு.

"கிரேன் இயக்குபவர் பக்கம் எந்தப் பதற்றமும் இல்லை. குரல் கேட்ட அரை நொடிக்குள் நிறுத்தியிருக்கிறார். தவறு தரையில் இருந்த கருவியில்தான்," என்று படித்தார்.

பேச்சியம்மாள் எழுந்தாள். "அந்தக் கோடு என்னது?"

"இவங்களோட நாடி எவ்வளவு வேகமா துடிச்சுதுங்கற கணக்கும்மா."

"இந்த மேடத்துக்கா?"

"ஆமா."

அவள் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே வராந்தாவில் எமல்டாவிடம் வந்தாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு விவரம் கேட்க வந்தவள்போல இருந்தாள்.

"கொஞ்சங்கூட ஆடலயா யக்கா உங்களுக்கு?"

எமல்டா சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினாள். "இதுக்குள்ள ஒரு மருந்துத் திரி இருக்கு. மாதவிலக்கு நிக்கிற தொந்தரவுக்கு வச்சது. அதுக்கப்புறம் எதுவும் என்கிட்ட வந்து சேர மாட்டேங்குது. என் சொந்த மக அழுதப்பகூட."

பேச்சியம்மாள் விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். தோலுக்குக் கீழே தட்டுப்பட்டது.

"அப்ப இது செய்த வேலையா," என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். "நானும் என்னடா ஒரு பொம்பள இப்பிடி இருக்காளேன்னு நெனச்சிட்டேன்."

எமல்டாவுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், வந்தாள். ஒன்றரை நொடி அவளுடையது அல்ல, திரியுடையது.

அக்டோபர் கடைசியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனாள். டாக்டர் உமையாள் கையின்மேல் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"எப்பவாவது சூடு ஏறிச்சா?"

"இல்ல."

"தூக்கம்?"

"நல்லா வருது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "எமல்டா, இதுல மருந்து இல்லை. தீர்ந்துபோச்சு. சில திரிகள்ல மருந்து சீக்கிரமே வெளியேறிடுதுன்னு போன வாரம்தான் எங்களுக்குத் தகவல் வந்தது. உங்களுதும் அதுல ஒண்ணு."

"எப்ப தீர்ந்துச்சு?"

"ஜூலை பதினொண்ணு."

எமல்டா மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். ஜெனிட்டா கூப்பிட்டது அதற்கப்புறம். சுடலைமணி அதற்கும் அப்புறம். நாற்பத்தொரு நாள்.

"ஆனா நாற்காலிக்கு எல்லாம் சரியா இருக்குன்னுதானே அனுப்பிச்சு?"

"அளக்கிற பகுதி இன்னும் வேலை செய்யுது. உங்க உடம்புல ஹார்மோன் அளவு குறைவாத்தான் இருக்கு. ஆனா ஆடாம இருக்கு. ஆடாம இருந்தா நல்லா இருக்குன்னுதான் அது சொல்லும். மருந்து நின்னா பலருக்குச் சூடு திரும்ப வரும். உங்களுக்கு வரலை. உடம்பு தானாவே தாண்டிப் போயிருக்கு. அப்படியும் நடக்கும்."

"அப்ப இந்த மரத்துப்போன மாதிரி இருக்கறது?"

"அந்த நாற்காலியில எத்தனை வருஷமா உட்கார்றீங்க?"

"பதினொண்ணு."

"புள்ளி குறையக் கூடாதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"எதையும் உள்ள விட மாட்டேன். ஏதாவது மனசுக்குள்ள வந்தா மூச்சை எண்ணுவேன். புதுசா வர்ற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கேன்." சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது.

"எனக்கு நிச்சயமாத் தெரியாது," என்றார் டாக்டர். "மருந்து இல்லைங்கறது மட்டும்தான் தெரியும். எலும்புக்காக பேட்ச் போட்டுக்கலாம். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். இப்ப நிதானமா யோசிக்கலாம், பதினாலு நாள் கணக்கு இல்லை."

"இதை எடுத்துடுங்க டாக்டர். மத்தது அப்புறம் பாக்கலாம். எந்தத் தேதியில தீர்ந்துச்சுன்னு மட்டும் எழுதிக் கொடுங்க."

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பொன்னுலிங்கத்திடம் போனாள். நின்றுகொண்டே சொன்னாள். மஞ்சள் சட்டையைப் பார்த்ததையும், ஆள் என்று தெரிந்ததையும், ஒன்றரை நொடியையும்.

பொன்னுலிங்கம் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"திரி தீர்ந்ததை மேலே சொல்லிடுதேன். அது பெரிய விஷயம். ஆனா நீங்க பாத்தேன்னு சொல்லுறத எழுத முடியாது எமல்டா."

"ஏன் சார்?"

"பாத்திருந்தா நெஞ்சு துள்ளியிருக்கும்லா? மருந்தும் இல்லைங்கீங்க. அப்ப கண்டிப்பாத் துள்ளியிருக்கணும். கோடு நேரா இருக்கு. நீங்க பாக்கலங்கறதுக்கு இதுதான் சாட்சி." அவர் உண்மையான இரக்கத்தோடுதான் பேசினார். "அந்த ஆள் செத்ததுல உங்க மனசு கஷ்டப்படுது. இல்லாததெல்லாம் பாத்த மாதிரி தோணும். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எமல்டா துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனாள். இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து சுளகில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க யக்கா. உக்காருங்க." ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். அங்கே ஒரு சின்னத் தழும்பு. "நானும் வச்சிட்டேன். பெரியாஸ்பத்திரியில இப்ப வைக்காவ. எனக்கும் அந்தத் தொந்தரவு இருந்துச்சு. ஆனா அதுக்காக வைக்கல. நீங்க சொன்னீயள்ல, எதுவும் வந்து சேராதுன்னு. அதுக்காகத்தான் கேட்டு வாங்குனேன். ஒரு மாசமாத் தூங்குதேன். அழுக வரல."

எமல்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்ன சொல்ல வந்தாளோ அதைச் சொல்லாமல் திரும்பிப் போக இப்போது ஒரு காரணம் கிடைத்திருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கு மருந்து இல்ல பேச்சியம்மா. அதுக்கு நாற்பது நாள் முந்தியே தீர்ந்துபோச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். உங்க வீட்டுக்காரரை நான் பாத்தேன். மஞ்சச் சட்டை தெரிஞ்சுது. ஆளுன்னும் தெரிஞ்சுது. கை போகல. ஒன்றரை நொடி."

பேச்சியம்மாளின் கை நின்றது.

"இத அங்க சொன்னீயளா?"

"சொன்னேன். நம்பல. பாத்திருந்தா நெஞ்சு துள்ளியிருக்கும்ங்காவ."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பேச்சியம்மாள் ஒரு காம்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் நம்புதேன்," என்றாள். "அன்னைக்குப் போன்ல சொன்னாவ, உங்க வீட்டுக்காரர் போயிட்டாருன்னு. அடுப்புல சோறு வெந்துக்கிட்டிருந்துச்சு. நான் வடிச்சு வச்சிட்டு, அடுப்பத் தொடச்சிட்டு, சேலைய மாத்திட்டுத்தான் போனேன். எனக்கு அப்பத் திரியும் இல்ல ஒண்ணும் இல்ல. இத நான் யாருகிட்டயும் சொல்லல."

எமல்டா அவளையே பார்த்தாள். அழுகை வரும் என்று இருவருமே எதிர்பார்த்ததுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை.

"உங்களுக்கு வச்சதுல மருந்து இருக்கான்னு பாத்துடுவோம்," என்றாள் எமல்டா. "சிலதுல சீக்கிரம் தீர்ந்துருதாம். எங்க டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

பேச்சியம்மாள் ரவிக்கைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"பாக்க வேண்டாம். இருக்குன்னே இருக்கட்டும்." குரலில் சூடு எதுவும் இல்லை. "நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா இனிமே வராதீங்க யக்கா."

"சரி," என்றாள் எமல்டா.

எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். பின்னால் கீரை உருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.